அவர் தட்டுகிற மாதிரி

தாம்பரம் கல்லூரி அரங்கின் ஜன்னல் வழியே மாலை வெயில் மேடைவரை நீண்டு கிடக்கிறது. பட்டாளத்துக்காரர்களின் மனைவிமாரை வீடு வீடாகப் போய்ப் பேட்டி கண்ட ஹில்டா டீச்சர், அதையெல்லாம் நாடகமாக்கி ஒத்திகை பார்க்கிறாள். மேடைக்கு எதிரே ஒற்றை நாற்காலியில், அந்த மனைவிமாரில் ஒருத்தியான ரத்தினபாய். போன டிசம்பர் சண்டையில் காணாமல் போன அவள் கணவனைப் பற்றி எட்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. அவன் வேஷம் கட்டிய மாணவி பியூலா, மேடைக் கதவுக்குப் பின்னால் நின்று படபடவென்று தட்டுகிறாள். "அப்படி இல்லம்மா. ரெண்டு தட்டு தட்டுவாரு. கொஞ்சம் நிறுத்தி, மெதுவா இன்னொண்ணு" என்கிறாள் ரத்தினபாய். பியூலா அச்சாக அப்படியே தட்டுகிறாள். "இதோ வந்துட்டேங்க!" முந்தானையைச் சரிசெய்தபடி ரத்தினபாய் மேடைக்கு ஓடிக் கதவைத் திறக்கிறாள். பியூலா கரி மீசையைக் கையால் பொத்திக்கொள்கிறாள். "அக்கா... நான் பியூலாக்கா."