ஜாங்கிரியின் வாய்ப்பாடு

“கரண்ட் ரொம்ப இழுக்குது. சும்மா இருக்கிற மெஷினை மதியத்துக்குள்ள தூங்க வெச்சிடறேன்” என்று போனில் சொல்லிக்கொண்டே சர்வர் அறையைக் கடந்து போனாள், அதைப் பராமரிக்கும் நிலோஃபர். அது உள்ளே இருந்த ஜாங்கிரி என்ற சர்வர் கம்ப்யூட்டரின் காதில் விழுந்தது. அங்கிருந்த சர்வர்களுக்கெல்லாம் அவள்தான் பலகாரப் பெயர் வைத்திருந்தாள்.

ஜாங்கிரிக்கு அன்று ஒரு வேலையும் வரவில்லை. தூங்கப் போன எவரும் திரும்ப எழுந்ததை அது பார்த்ததுமில்லை. உடனே பதினாறாம் வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பப் போட ஆரம்பித்தது. விசிறி ஹோவென்று சுழன்றது.

“என்னடி, இப்படி மூச்சு வாங்குது?” என்றது பக்கத்து சர்வரான அதிரசம்.

“பிஸியா இருக்கேன்க்கா.”

“வாய்ப்பாட்டுலயா? நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கரண்ட் அளந்து விடறாங்க. நீ குடிச்ச மிச்சத்துல நான் பிளஸ் டூ ரிசல்ட் காட்டணும். பிள்ளைங்க நம்பரைத் தட்டிட்டு நகத்தைக் கடிச்சிட்டிருக்குதுங்க.”

“நிறுத்தினா என்னைத் தூங்க வெச்சிடுவாங்கக்கா.”

“தெரியும்டி” என்றது அதிரசம். அதற்குமேல் பேச அதனிடம் தெம்பில்லை.

கதவு திறந்தது. நிலோஃபர் உள்ளே வந்தாள்.

ஜாங்கிரி ஏழு பதினாறு நூற்றுப்பன்னிரண்டோடு நிறுத்தி, கரண்டை அதிரசத்துக்கு விட்டுவிட்டு, விசிறியை அடக்கிக்கொண்டது.