தொலைய வேண்டிய பர்ஸ்

நியூயார்க்குக்குப் போகலாம் என்று நோரின் சொன்னதுமே அவள் கணவர் ஹார்லன் கேட்ட முதல் கேள்வி, "அங்க ஜேப்படி ஜாஸ்தியாமே?" என்பதுதான்.

"அதெல்லாம் அந்தக் காலம்," என்றாள் நோரின். அந்த ஜேப்படியை நம்பித்தான் அவள் டிக்கெட்டே எடுத்திருந்தாள்.

சோள அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. செப்டம்பர் வெயிலும் தணிந்துவிட்டது. நெப்ராஸ்காவை விட்டு நகராத மனுஷன் எப்படியோ சம்மதித்துவிட்டார். கிளம்பும் முன் அவருடைய பேண்டின் பின்பாக்கெட்டுப் பொத்தானை நோரின் சத்தமில்லாமல் கத்தரித்துப் போட்டாள்.

ஹார்லனுக்குக் கார்டில் நம்பிக்கை கிடையாது. இருக்கிற பணமெல்லாம் அந்தப் பழைய தோல் பர்ஸில்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அதை அவள் தொட விட்டதில்லை. வீட்டில் வைத்துக் காணாமல் போனால் முதல் சந்தேகம் அவள் மேல்தான் விழும். ஆனால் அந்தப் பர்ஸ் ஒழிந்தால்தான் தனக்கு வாழ்வு என்று நோரின் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள்.

நியூயார்க் அவள் காலை வாரியது. முதல் நாள் சுரங்க ரயிலில் பர்ஸ் நழுவி விழ, கழுத்தெல்லாம் பச்சை குத்திய தடியன் ஒருவன் படியேறி ஓடி வந்தான். "யோவ் பெரிசு! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பிடிய்யா உன் பர்ஸை!"

மறுநாள் ஹார்லன் அதைச் சாப்பாட்டுக் கடை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். நோரின் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. பரிமாறிய பெண் பாதித் தெரு துரத்தி வந்து, நன்றாகத் திட்டிவிட்டுக் கொடுத்தாள்.

"பாத்தியா, வாய்தான் மோசம். கை சுத்தம்!" என்றார் ஹார்லன். நோரினுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை லட்சம் ஜனத்தில் ஒரு திருடனுக்கா பஞ்சம்?

கடைசி நாள், இத்தாலியர் தெருத் திருவிழா. சாசேஜ் புகை, பேண்டு வாத்தியம், மூச்சுவிட முடியாத கூட்டம்.

"ஓரமா நின்னா என்ன தெரியும்? நடுவுல போ," என்று நோரின் அவரை முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

ஹார்லன் அண்ணாந்து கட்டடங்களைப் பார்த்தார். "நம்ம சோளக் குதிர் நாலை மேல மேல வச்சா இவ்வளவுதான். இதுக்குப் போயி..." என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொப்பிக்காரன் ஒருவன் பின்னால் வந்து ஒட்டினான். இரண்டு விரல் பாக்கெட்டுக்குள் இறங்கியது.

நிமிர்ந்தவன் நோரினைப் பார்த்துவிட்டான். அவளும் பார்த்தாள். அவன் முகம் வெளுத்தது. நோரின் லேசாகத் தலையாட்டிவிட்டு, அவன் போக வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

புகாரை எழுதிக்கொண்ட போலீஸ்காரர், "கிடைச்சா சொல்றோம்," என்று கொட்டாவி விட்டார். ஹார்லன் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

"பணம் போனாப் போகுது நோரின்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"விடு, எல்லாம் நல்லதுக்குத்தான்," என்று நோரின் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஊர் திரும்பியதும் நோரின் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். அந்தச் சந்தோஷம் பத்து நாள் நீடித்தது. பதினோராம் நாள் ஹார்லன் பெயருக்கு ஒரு தபால். உள்ளே அவருடைய டிரைவிங் லைசென்ஸ், ஒரு பழைய போட்டோ, ஒரு துண்டுக் கடிதம். ஹார்லன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

"ஐயா, பணம் செலவாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க. உங்க வீட்டம்மா என்னைப் பாத்தும் கத்தாம, வழிவிட்டு ஒதுங்கி நின்னாங்க. அந்த நல்ல மனசுக்காக அவங்க சின்ன வயசுப் போட்டோவையாவது திருப்பி அனுப்பறேன். அப்ப எவ்வளவு அழகா இருந்திருக்காங்க!"

ஹார்லன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலையே டவுனுக்குப் போய், பதினோரு வருஷத்துக்கு முன் இறந்துபோன தன் முதல் மனைவி கிளாராவின் அந்தப் போட்டோவை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு எடுத்துவந்து, நோரின் படுக்கும் கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டினார்.