வருஷம் தவறாத எக்ஸ்ரே

"சிரிங்க மார்சி! வலிக்கிற மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டா எந்தப் பொம்பளை இதுக்கு வருவா?" என்று கத்தினான் டிவி தயாரிப்பாளர் ராண்டல். அவன் வாய் நிறைய டோனட்.

மார்சி எங்கள் டொலீடோ நகரத்து டிவியின் காலைச் செய்தி வாசிப்பாளர். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபரில் ஒவ்வொரு வருஷமும் எங்கள் மருத்துவமனைக்கு வந்து, கேமரா முன்னால் மார்பக எக்ஸ்ரேவுக்கு நிற்பாள். அவளை இயந்திரத்தில் பொருத்துவது என் வேலை.

"லோர்னா, நீ ஏன் விளக்கெண்ணெய் குடிச்சவ மாதிரி நிக்குறே?" என்று ராண்டல் என் பக்கம் திரும்பினான்.

"உங்களைப் பார்த்துக்கிட்டு வேற எப்படி நிக்குறது?" என்றேன்.

மார்சி கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். "அவ்வளவுதான், முடிஞ்சது! நான் வருஷம் தவறாம எடுக்குறேன். சீக்கிரம் கண்டுபிடிச்சா உயிர் பிழைக்கலாம். நீங்களும் வாங்க!"

"அற்புதம்!" ராண்டல் விரல்களில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்புச் சர்க்கரையை நக்கிக்கொண்டே ஆட்களோடு கிளம்பினான்.

மார்சி மட்டும் போகவில்லை. கதவைச் சாத்தினாள்.

"ஒரு வருஷமாவது இந்த மெஷினை ஆன் பண்ணியிருக்கியா, லோர்னா?"

"ஷூட்டிங்குக்கு எதுக்கு ஆன் பண்ணணும்? நீங்க நிஜமா எடுக்குறது வேற இடத்துலதானே?"

"எங்கேயும் எடுத்ததில்லை. பயம்."

என் கையைப் பிடித்துத் தன் மார்பின் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். கோலிக்குண்டு போல ஒரு கட்டி இடறியது.

"இப்ப ஆன் பண்ணு, லோர்னா. பண்ணுறியா?"