அஞ்சு ஸ்டார் கார்

குருசாமிக்கு வேகமும் வேண்டும், அடியும் படக்கூடாது.

கோயம்புத்தூரில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் மஞ்சள் நிறத்தில் ஓர் அமெரிக்கக் காரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நானூற்றைம்பது குதிரைச் சக்தி. ஸ்டார்ட் செய்தாலே பக்கத்துத் தெரு எழுந்து உட்கார்ந்துவிடுமாம். திருப்பூரில் அவர் வீட்டிலிருந்து அவருடைய பனியன் கம்பெனிக்கு ஒன்றரை கிலோமீட்டர். நடுவில் ஐந்து வேகத்தடைகள், குழாய் பதிக்கத் தோண்டி மூடாத ஒரு பள்ளம். அத்தனை குதிரையும் தேவைதான்.

வாங்குவதற்கு முன், குவாலிட்டி பிரிவில் இருக்கும் நாகஜோதியைக் கூப்பிட்டார். கம்பெனியில் இங்கிலீஷை வேகமாகப் படிக்கிறவள் அவள். அவள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆளும் அவள்தான்.

"ஏம்மா, இந்த வண்டியச் சுவத்துல மோதிப் பாத்து ஸ்டாரு குடுப்பாங்களாமே, எத்தனைன்னு பாரு. கோளாறுன்னு கம்பெனிக்காரனே எத்தனை தடவை திருப்பிக் கூப்பிட்டிருக்கான்னும் பாரு. உசுரு விஷயம்."

குழந்தை உடுப்பு ஷிப்மென்ட் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த வாரம் அது. இருந்தாலும் முதலாளி உசுராயிற்றே. நாகஜோதி இரண்டு நாள் சாப்பாட்டு இடைவேளையை விட்டு நான்கு பக்கம் எழுதினாள். முன்னால் மோதினால் ஐந்து ஸ்டார், பக்கவாட்டில் ஐந்து. மூன்று முறை திருப்பி அழைத்திருக்கிறார்கள்: பிரேக் விளக்கு, பின்பக்கக் கேமரா, சீட் பெல்ட்டில் ஒரு போல்ட். மூன்றையும் சரிசெய்ததற்கு ரசீது இருந்தது. உறுதியாகத் தெரியாத இடங்களில் 'உறுதியாகத் தெரியவில்லை' என்றும் எழுதியிருந்தாள்.

ஐந்து ஸ்டாரைப் பார்த்து முதலாளி குளிர்ந்துபோனார். ஒன்றுதான் அவருக்குச் செரிக்கவில்லை.

"போல்ட்டு கழண்டு யாருக்காச்சும் அடிபட்டுச்சா?"

"இல்லைங்க சார். புகாரே வரலை. அவங்களாக் கண்டுபிடிச்சு, அவங்களாக் கூப்பிட்டிருக்காங்க."

"யாரும் கேக்காதப்பவே தானாப் போய்த் தப்பைச் சொல்றவன் எப்படித் தொழில் பண்றான்?" என்று வியந்துவிட்டு, வெள்ளிக்கிழமை நல்ல நாள், வண்டியை எடுத்துவிடலாம் என்றார்.

அதன்பிறகு நாகஜோதிக்கு வேலை ஓடவில்லை.

அன்று காலையில்தான் ஒரு லாட் குழந்தை உடுப்புக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாள். மூன்று முறை துவைத்து உலர்த்திய பிறகுதான் பிரஸ் பட்டனை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். லாரி வாசலில் நின்றது. புரொடக்ஷன் மேனேஜர் வெள்ளையன் அவள் தலைக்கு மேல் நின்றார். "தொவச்சாப் பட்டன் என்ன கரஞ்சா போயிரும் கண்ணு?" என்று சிரித்தார். அவள் துவைக்காமலே இழுத்துப் பார்த்து, துவைத்ததாக டிக் அடித்துவிட்டாள். லாரி தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டது.

மிச்சமிருந்த பத்து பீஸை இப்போது துவைத்தாள். உலர்த்தினாள். இழுத்தாள். இரண்டு பட்டன்கள் கையோடு வந்துவிட்டன.

மூன்று மணிக்கு முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், லாரியத் திருப்பிக் கூப்பிடணும்."

குருசாமி காரின் போட்டோவைக் கீழே வைத்தார். "சரக்கு வாங்குற பையர் ஏதாச்சும் கேட்டானா?"

"இல்லைங்க சார். நானாத்தான் சொல்றேன். தொவைக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன். பட்டன் கழண்டு வருது. கொழந்தைங்க வாயில போட்டா அடைச்சுக்கும்."

அவர் கதவைச் சாத்திவிட்டுப் போ என்று கையைக் காட்டினார். அவள் டிபன் பாக்ஸைப் பையில் எடுத்துவைத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வேலை போய்விட்டதை அம்மாவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தாள். ஆனால் யாரும் கூப்பிடவில்லை.

மதுரை பைபாஸில் டீக்கடையோரம் நின்றிருந்த லாரி, மறுநாள் காலை கம்பெனி வாசலுக்கே வந்து சேர்ந்தது. பையர் பட்டனை மாற்றச் சொல்லிவிட்டான் என்றார் குருசாமி. திருப்பூரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மழை பெய்யாததற்குப் பையர்தான் காரணம் என்றாலும் நம்புவார்கள். எல்லோரும் பையரைத் திட்டிக்கொண்டே ஐந்து நாள் பட்டன் மாற்றினார்கள். அதற்குள் கப்பல் போய்விட, சரக்கு பிளைட்டில் போனது. அந்தச் செலவும் பையர் தலையில்தான் என்று நினைத்து, நன்றாக வேண்டும் அவனுக்கு என்றார் வெள்ளையன்.

இரண்டு வெள்ளிக்கிழமைகள் போயும் மஞ்சள் கார் மட்டும் வரவில்லை. வெள்ளையன் கேட்டேவிட்டார்.

"அது உசுருக்கு உத்தரவாதமில்லாத வண்டிப்பா. ஒரே ஒரு ஸ்டாரு. நம்ம நாகஜோதிதான் ரிப்போர்ட் குடுத்துச்சு" என்றார் முதலாளி, தையல் செக்ஷன் முழுக்கக் கேட்கும்படி.

அதோடு அவள் நிம்மதி போயிற்று. முதலாளி ஆசையில் மண்ணைப் போட்டவள் என்று பெயர் வந்தது. இந்த ஃபேனுக்கு எத்தனை ஸ்டாருங்க கண்ணு என்றார் வெள்ளையன். கேன்டீனில் வடைக்கு ஸ்டார் கேட்டார்கள். கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்கிவிட்டு, பழியை மாதச் சம்பளக்காரி தலையில் கட்டுகிற பெரிய மனிதரை நினைக்க நினைக்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

நான்கு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.

"சார், நான் அஞ்சு ஸ்டாருன்னுதான் எழுதியிருந்தேன். நீங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டீங்க."

குருசாமி எழுந்து போய், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"பொய்தான். நல்ல வண்டின்னா ஏன் வாங்கலைன்னு கேப்பானுங்க. வண்டிக் காசு சரக்கு பிளைட்டுக்குப் போயிருச்சுன்னு சொன்னா, பட்டனைப் பாஸ் பண்ணுனது யாருன்னு கேப்பானுங்க. அதுக்கு நீ வடைக்கு ஸ்டாரு போடுறது எவ்வளவோ பரவால்லம்மா."