நீர் கோத்த கோழி

இருதயராஜுக்கு ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுப்பார்கள். சில நாளில் மறுபடியும் ஊறிவிடும். வேலைக்குப் போக முடியாமல் வீட்டிலேயே கிடந்தவருக்குப் பேச்சுத்துணை, கொல்லையில் வளர்ந்த சாம்பல் நிறக் கோழிதான். அதுவும் முட்டையிடுவதை நிறுத்தியது. வயிறு பெருத்து, வாத்தைப் போல அசைந்து நடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, மனைவி பிலோமினாவுடன் கால்நடை மருத்துவரிடம் போனார்.

டாக்டரம்மா அதன் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். “உள்ளயே முட்டை உடைஞ்சு சீழ் வச்சிருக்கு. தண்ணியும் கோத்திருக்கு. எடுத்துவிட்டா மூச்சு லேசாகும், ஆனா திரும்பக் கோத்துக்கிரும். வதைக்காம ஒரு ஊசியில தூங்க வச்சிரலாம்.”

“அதான் சரி டாக்டரம்மா. எத்தன தடவதான் குத்திக் குத்தி எடுக்குறது?” என்றாள் பிலோமினா. சொல்லிவிட்ட பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

இருதயராஜ் கோழியின் இறக்கையை நீவிக்கொண்டிருந்தார். “இன்னைக்குத் தண்ணிய மட்டும் எடுத்துவிடுங்கம்மா,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கோழி கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்தார்.

அடுத்த வாரம் அது கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சுவிட்டது. அவர் அதைத் தூக்கி வந்து பிலோமினாவின் கையில் கொடுத்தார்.

“இந்தத் தடவ நீ மட்டும் போயிட்டு வா பிலோ. அன்னைக்கு நீ சொன்னதையே சொல்லு. எனக்கு வருத்தமில்ல.”

அவள் கோழியை வாங்கிக்கொண்டாள். வாசலைத் தாண்ட அவளுக்குக் கால் வரவில்லை.