படியில் விட்டுப்போன கேம்

இருட்டின பிறகு வாசல் கதவுக்கு வெளியே ஏதோ "கிய்ங்... கிய்ங்" என்று முனகியது. டிவியோடு வயரால் பிணைந்து கிடந்த பெரிய கேம் பெட்டி காதைத் தீட்டிக்கொண்டது.

"யாருடா அது?"

"நான்தான் அண்ணே," என்றது கையடக்க கேம். "பாப்பா என்னைப் படியிலேயே விட்டுட்டா. சார்ஜ் தீரப்போகுது. தூறலும் விழுது."

"பஸ்ஸு, கல்யாண மண்டபம்னு சுத்தினதைக் காலையில என்னமாப் பீத்தினே! என்னை மூலையில கிடக்கிற ஜென்மம்னு சொன்னியே?"

"அப்புறமாத் திட்டுங்க அண்ணே. உள்ள தண்ணி போனா செத்தேன்."

பெட்டிக்கும் பயம் வந்துவிட்டது. "இப்படி முனகினா அம்மா பயந்துக்கிட்டு கதவையே திறக்கமாட்டாங்கடா. பாப்பா ஜெயிச்சா ஒரு பாட்டு போடுவியே, அதைப் போடு."

"இருக்கிற சார்ஜும் போயிடுமே!"

"போகட்டும், பாடு!"

அது பாடியது. பாதிப் பாட்டிலேயே அணைந்துபோனது.

உள்ளே முனகலுக்குப் பயந்து பாப்பாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா சிரித்துவிட்டாள். "அட, நம்ம கேம்டி! நான் என்னவோ ஏதோன்னு நடுங்கிட்டேன்."

கதவைத் திறந்து, அதை எடுத்துத் துப்பட்டாவால் துடைத்து, பெட்டியின் மேலேயே சார்ஜில் போட்டாள்.

"பயப்படாதே, நான் இருக்கேன்," என்றது பெட்டி.

அம்மா திரும்பிப் போய்க் கதவை உள்ளே தாழிட்டாள்.