சில்லு ஓடுகிறாள்

எதைப் படம் எடுக்க என்று கேமராக் கடைக்காரர் காஜா கேட்டார்.

நாய் என்றாள் அவள். ஓடுகிற நாய்.

காஜா கையில் இருந்த சின்னக் கேமராவைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

அவளுடைய செல்போனில் சில்லுவின் படங்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. படுத்திருப்பது, தின்பது, மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பது. ஓடும்போது எடுத்ததில் மட்டும் சில்லு இருக்காது. ஒரு கறுப்பு இழுப்பு இருக்கும். சில சமயம் வால்.

கன்னி நாய். ஓடுவதற்கென்றே பிறந்த இனம்.

நாலு நாளைக்கு முன்பு கால்நடை டாக்டர் ஜெபசிங் சில்லுவின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது முன்னங்கால் எலும்பில் புற்று. காலை எடுத்துவிட்டால் வலி போகும், இன்னும் கொஞ்ச காலம் நன்றாக இருக்கும் என்றார். தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

“நடக்கும்போதுதான் டாக்டர் நொண்டுறா. ஓடும்போது நாலு காலும் போகுது. நான் பாக்குறேனே.”

யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசித்தாள். நாலு காலில் ஓடுவதை ஒரே ஒரு படமாவது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் தோன்றியது.

காஜா இரண்டு கேமராக்களோடு அவளைக் கடை வாசலுக்குக் கூட்டிப்போனார். ரோட்டில் போகிற பைக்கை எடுக்கச் சொன்னார்.

முதல் கேமரா எதிர்த்த டீக்கடையின் போர்டை எழுத்து எழுத்தாக எடுத்தது. பைக் புகைபோலக் கலங்கியிருந்தது.

இரண்டாவதில் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் வண்டி ஓட்டுகிறவரின் கண்ணில் போய் உட்கார்ந்தது. அவர் வளைவில் திரும்பும்வரை அவரோடேயே போயிற்று.

நாயின் கண்ணையும் அப்படித்தான் பிடிக்கும், நொடிக்கு இருபது படம் என்றார் காஜா.

கனமாக இருந்தது. அதையே ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வற்றிய குளத்தில் சில்லுவை அவிழ்த்துவிட்டாள்.

ஒரே ஓட்டம். அதற்கு மேல் விட அவளுக்கு மனமில்லை.

தூரத்தில் கொக்குகள் எழுந்தன. பச்சைக் கட்டம் கண்ணை விடவில்லை. அவளும் விரலை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, காப்பி போட்டு, உட்கார்ந்து பார்த்தாள்.

காதுகள் பின்னால் படிந்திருந்தன. நாக்கு ஒரு பக்கமாகப் பறந்தது. இத்தனை வருஷத்தில் ஓடுகிற சில்லுவின் முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள். சிரிப்பு வந்தது.

பதினோராவது படத்தில் விரல் நின்றது.

இடது முன்னங்கால் மடங்கி, மார்போடு ஒட்டியிருந்தது.

அடுத்த படத்திலும். அதற்கடுத்ததிலும்.

பெரிதாக்கிப் பார்த்தாள். வலது கால் ஊன்றுகிற படம் இருந்தது. பின்னங்கால்கள் மண்ணை உதைக்கிற படம் இருந்தது. நாலுமே காற்றில் இருக்கிற படமும் இருந்தது.

இடது கால் தரையைத் தொடுகிற படத்தைக் கடைசிவரை தேடினாள்.

காப்பி ஆறிப்போயிற்று.

சில்லு மேசைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது. குனிந்து அந்தப் பாதத்தைக் கையில் எடுத்தாள். நகநுனியில் கொஞ்சம் தூசி. மற்ற மூன்றிலும் விரலிடுக்கு வரைக்கும் குளத்து வண்டல் அப்பியிருந்தது.

டாக்டரைப் போனில் கூப்பிட்டு, காலையில் எத்தனை மணிக்குக் கூட்டி வரவேண்டும் என்று கேட்டாள்.

பிறகு ஈரத்துணி கொண்டுவந்து, அந்த மூன்று பாதங்களையும் நிதானமாகத் துடைத்துவிட்டாள்.